3018 சிஎன்சி வச்சு சின்னப் பட்டறை நடத்துறவங்க அடிக்கடி கேக்குற கேள்விகள்

வீட்டுக்குப் பின்னாடி பத்துக்குப் பன்னெண்டு ரூம்ல எனக்கு ஒரு சின்னப் பட்டறை இருக்கு. வேலை பெரும்பாலும் மரத்துல வீட்டுப் பெயர்ப் பலகை, கடைகளுக்கு அக்ரிலிக் எழுத்து, எப்பவாவது பூஜை ரூம் கதவுக்கு சின்ன டிசைன். மெஷின் எல்லாருக்கும் தெரிஞ்ச அதே 3018 சிஎன்சி தான் (கம்ப்யூட்டர் சொல்றபடி வெட்டுற பிட்டை நகர்த்துற மெஷின்), அதாவது 300க்கு 180 எம்எம் இடம், மேல கீழ 45 எம்எம், நேமா 17 மோட்டார் மூணு, 24 வோல்ட் 775 ஸ்பிண்டில், அதாவது பிட்டைச் சுத்துற மோட்டார். என்கிட்ட கேட்டுட்டு இதே மெஷினை வாங்கினவங்க நாலஞ்சு பேர் இருக்காங்க, அவங்க போன் பண்ணிக் கேக்குறது சுத்திச் சுத்தி ஒரே விஷயமா இருக்கு, அதனால ஒரே இடத்துல எழுதி வச்சிடுறேன்.

அண்ணே, மெஷின் வந்துருச்சு, மாட்டியாச்சு. முதல்ல எதை அப்கிரேடு பண்ணலாம்?

எதையும் வாங்காதீங்க இப்போ. முதல் ஒரு வாரம் மெஷினை நேராக்குறதுக்கே சரியா இருக்கும். சமையல் மேடை போட்டது போக மிச்சமான கிரானைட் துண்டு எங்கயாவது கிடைக்கும், அதை நல்லாத் தொடச்சுட்டு அது மேல ஃபிரேமை வச்சு நாலு மூலையும் உக்காருதான்னு பாருங்க. ஒரு மூலை ஆடுச்சுன்னா போல்ட்டை லூஸ் பண்ணி அமுக்கிப் பிடிச்சு மறுபடி டைட் பண்ணணும். அப்புறம் மூலைமட்டம் வச்சு தூண் ரெண்டையும் பாருங்க.

இதை விட நல்ல சோதனை ஒண்ணு இருக்கு. நுனி கூரான வி-பிட் மாட்டி ஒரு எம்டிஎஃப் (மரநார் பலகை) துண்டுல 200க்கு 150 செவ்வகத்தோட நாலு மூலையில மட்டும் புள்ளி குத்தச் சொல்லுங்க, குறுக்கு அளவு ரெண்டும் சரியா 250 வரணும், பள்ளிக்கூடத்துல படிச்ச மூணு நாலு அஞ்சு கணக்கு தான். ஒரு குறுக்கு 250.8, இன்னொண்ணு 249.2ன்னு வந்துச்சுன்னா 150 எம்எம் நீளத்துக்குக் கிட்டத்தட்ட 1 எம்எம் சாஞ்சிருக்குன்னு அர்த்தம். மேல இருக்குற எக்ஸ் ராடும் கீழ டேபிள் ஓடுற ஒய் ராடும் செங்குத்தா இல்ல, அவ்வளவுதான். தூணோட போல்ட்டை லூஸ் பண்ணி ஒரு பக்கத்தை லேசா முன்னாடியோ பின்னாடியோ தள்ளி மறுபடி குத்திப் பாருங்க. எனக்கு இது ஒரு முழு ஞாயித்துக்கிழமை எடுத்துச்சு, அதுக்கப்புறம் இன்னைக்கு வரைக்கும் அதைத் தொடவேண்டிய வேலை வரல.

வட்டம் முட்டையா வருது. "ழ" போட்டா சுழி சேரவே மாட்டேங்குது, ஏன்?

இந்தக் கேள்வியை நான் ரொம்ப முக்கியமா நினைக்கிறேன், ஏன்னா நம்ம எழுத்துக்கு இது பெரிய பிரச்சனை. இங்கிலீஷ் பெரிய எழுத்துல பாதி நேர்கோடு, ப்ளே, அதாவது திசை மாறும்போது வர்ற ஆட்டம், இருந்தாலும் கண்ணுக்குத் தெரியாமப் போயிடும். தமிழ்ல "ண", "ஞ", "ழ", "இ"ன்னு எதை எடுத்தாலும் வளைவும் சுழியும், வளைவுல போறப்போ ஒவ்வொரு அச்சும் திசை மாறிக்கிட்டே இருக்கும், மாறுற இடத்துல எல்லாம் ப்ளே வெளிய வந்து நிக்கும்.

லென்ஸ் வச்சு உங்க வட்டத்தைப் பாருங்க. மேல, கீழ, இடது, வலதுன்னு நாலு உச்சியில சின்னதா ஒரு தட்டை இடமோ ஒரு படியோ தெரிஞ்சா அது ப்ளே, அதாவது பேக்லாஷ். அப்படி இல்லாம வட்டம் வழவழப்பா இருந்து ஆனா மூலைவாட்டுல இழுத்த மாதிரி இருந்தா அது மேல சொன்ன செங்குத்துப் பிரச்சனை. ரெண்டையும் குழப்பிக்காதீங்க, வைத்தியம் வேற வேற.

ப்ளே எவ்வளவுன்னு அளக்க டயல் கேஜ் ஒண்ணு வேணும், காந்த ஸ்டாண்டோட. கேஜ் முள்ளை டேபிள்ல முட்ட வச்சு சாஃப்ட்வேர்ல இருந்து டேபிளை 1 எம்எம் முன்னாடி நகர்த்துங்க, கேஜை ஜீரோ பண்ணுங்க, இன்னும் 1 எம்எம் முன்னாடி, அப்புறம் 1 எம்எம் பின்னாடி. முள் ஜீரோவுக்கு எவ்வளவு முன்னாடி நின்னுடுதோ அதான் ப்ளே. என் மெஷின்ல ஒய்ல 0.22 வந்துச்சு.

இந்த ப்ளே எங்க இருந்து வருதுன்னு கண்டுபிடிக்கணும். எல்லாரும் உடனே பித்தளை நட்டைத்தான் சந்தேகப்படுவாங்க, ஸ்பிரிங் வச்ச நட் வாங்கி மாட்டுவாங்க, பாதி குறையும், பாதி அப்படியே இருக்கும். மெஷினை ஆன் பண்ணி மோட்டார் பிடிச்சிருக்கும்போது டேபிளைக் கையால முன்னும் பின்னும் இழுத்துக்கிட்டே மோட்டாரையும் லீட் ஸ்க்ரூவையும் (டேபிளை நகர்த்துற நீளமான மறை கம்பி) சேர்க்குற கப்ளிங்கை உத்துப் பாருங்க. அந்த சுருள் வெட்டு போட்ட அலுமினிய கப்ளிங் ஸ்பிரிங் மாதிரி நீளும், சுருங்கும், கண்ணாலயே தெரியும். லீட் ஸ்க்ரூவை நீளவாட்டுல பிடிச்சு நிறுத்த அந்தப் பக்கம் பேரிங் எதுவும் இல்லாம எல்லா இழுவையும் கப்ளிங் மேல வர்றதால தான் இது. ஸ்க்ரூ ரெண்டு முனையிலயும் கேஎஃப்எல்08 (8 எம்எம் கம்பிக்கானது) பேரிங் வச்சு, ஷாஃப்ட் காலர் போட்டு இறுக்கினேன், 0.22 இருந்தது 0.05 ஆச்சு. நான் பண்ணின அப்கிரேடுலயே காசுக்கு நல்லா வேலை செஞ்சது இதுதான், யார் கேட்டாலும் இதைத்தான் முதல்ல சொல்லுவேன்.

மெஷின் போர்டுக்குள்ள ஓடுற ஜிஆர்பிஎல் சாஃப்ட்வேர்ல ப்ளேயைக் கணக்குல எடுத்துச் சரி பண்ற செட்டிங் கிடையாது, அதனால இதை இரும்புல தான் சரி பண்ணியாகணும்.

100 எம்எம் போகச் சொன்னா 99.6 தான் போகுது, $100 மாத்தலாமா?

$100ங்குறது ஜிஆர்பிஎல்ல எக்ஸ் அச்சு 1 எம்எம் நகர எத்தனை ஸ்டெப்னு சொல்ற செட்டிங், $101 ஒய்க்கு, $102 இசட்டுக்கு. மாத்துறதுக்கு முன்னாடி கணக்கைத் தெரிஞ்சுக்கோங்க. மோட்டார் ஒரு சுத்துக்கு 200 ஸ்டெப், போர்டு அதை 16 ஆப் பிரிக்குது, 3200 ஆச்சு, டி8 ஸ்க்ரூ ஒரு சுத்துக்கு 4 எம்எம் நகரும், 3200ஐ 4ஆல வகுத்தா 800. அதனால தான் $100, $101, $102 மூணும் 800ன்னு இருக்கு. சரியாப் பாதியோ ரெண்டு மடங்கோ போகுதுன்னா ஜம்பர் மாறியிருக்கு இல்லன்னா ஸ்க்ரூவோட லீட் வேற.

0.4 குறையுதுன்னா முதல்ல அளக்குற விதத்தைப் பாருங்க. ஒரே திசையில இருந்து வந்து அளக்கணும், இல்லன்னா ப்ளேயும் சேர்ந்து வந்துடும். 20 எம்எம்முக்கும் 0.4 குறையுது, 100 எம்எம்முக்கும் அதே 0.4 குறையுதுன்னா அது ப்ளே, அதுக்கு ஸ்டெப்பை மாத்தினா எல்லாமே கெட்டுப்போகும். நீளத்துக்கு ஏத்த மாதிரி குறைவு கூடினா மட்டும் பழைய எண்ணை 100ஆல பெருக்கி 99.6ஆல வகுங்க, 803.2 வரும், அதைப் போடுங்க.

வேலை நடுவுல எழுத்து திடீர்னு நகர்ந்துடுது. மோட்டார் போயிருச்சா, போர்டு போயிருச்சா?

இதுல நான் பட்டது நிறைய. ஒரு கிரகப்பிரவேசத்துக்கு தேக்குல பெயர்ப் பலகை, மறுநாள் காலையில குடுக்கணும், ராத்திரி ஒரு மணி நேரம் நல்லா ஓடிட்டு கடைசி ரெண்டு எழுத்து மட்டும் 2 எம்எம் தள்ளி வெட்டிடுச்சு. டிரைவர் (மோட்டாருக்குக் கரண்ட் குடுக்குற சிப்) சூடாகுதுன்னு நெனச்சு கரண்ட்டைக் குறைச்சேன், அப்புறம் கூட்டினேன், கடைசியில புதுப் போர்டே வாங்கினேன், மறுபடி அதே மாதிரி நகர்ந்துச்சு. கடைசியா ஒரு லேத் பட்டறை அண்ணன் வந்து பார்த்துட்டு மார்க்கர் பேனாவை எடுத்து மோட்டார் ஷாஃப்ட், கப்ளிங், லீட் ஸ்க்ரூ மூணு மேலயும் சேர்த்து ஒரே கோடா இழுத்துட்டு, இப்போ ஓட்டுப்பான்னார். அரை மணி நேரம் கழிச்சுப் பார்த்தா கப்ளிங்ல இருக்குற கோடும் ஸ்க்ரூல இருக்குற கோடும் ஒரு நெல்லு அகலத்துக்கு விலகி நிக்குது. கப்ளிங்கை இறுக்குற கிரப் ஸ்க்ரூ (தலையில்லாத சின்ன ஸ்க்ரூ) வழுக்குது, அவ்வளவுதான் விஷயம். லீட் ஸ்க்ரூ உருண்டையா மறை போட்டு இருக்குறதால கிரப் ஸ்க்ரூவுக்குப் பிடி கிடைக்கல. அரம் வச்சு அந்த இடத்துல சின்னதா ஒரு தட்டை பண்ணி, நீல லாக்டைட் (மறை கழலாமப் பிடிக்கிற பசை) ஒரு சொட்டு விட்டு இறுக்கினோம்.

அன்னையில இருந்து எனக்கு முதல் சோதனையே மார்க்கர் கோடு தான். கோடு விலகினா கப்ளிங். கோடு விலகல ஆனா எழுத்து நகருதுன்னா அப்போ தான் ஸ்டெப் விடுதுன்னு அர்த்தம், அப்போ இந்த வரிசையில பாருங்க: $110, $111 செட்டிங்ல வேகம் ரொம்ப அதிகமா, $120, $121ல ஆக்ஸிலரேஷன் அதிகமா, ராடுல தூசி அடைச்சு கையால நகர்த்தினாலே எங்கயாவது பிடிக்குதா, ஒரே தடவையில ரொம்ப ஆழமா வெட்டுறீங்களா, கடைசியா டிரைவர் கரண்ட்.

ஏ4988 டிரைவர்ல கரண்ட் வைக்க மல்டிமீட்டர் வேணும். டிரைவர் பக்கத்துல இருக்குற சின்ன ரெசிஸ்டர்ல ஆர்100ன்னு எழுதியிருந்தா 0.1 ஓம், அப்போ டிரைவர் மேல அளந்து செட் பண்ற விரெஃப் வோல்ட்டேஜ் வேணுங்குற ஆம்பியரோட 0.8 மடங்கு, 1 ஆம்பியருக்கு 0.8 வோல்ட். ஆர்050ன்னா இதுல பாதி. 1.3 ஆம்பியர் மோட்டாருக்கு 1 ஆம்பியர் வச்சா தாராளம். கூட்டிக்கிட்டே போனா டிரைவர் சூடாகித் தானா நின்னு நின்னு ஓடும், சித்திரை வெயில்ல தகரக் கூரைக்குக் கீழ பட்டறை வச்சிருக்கவங்களுக்கு இது நல்லாவே தெரிஞ்சிருக்கும், ஹீட்சிங்க் மேல ஒரு சின்ன ஃபேன் கட்டாயம் வையுங்க. ஒண்ணு மட்டும் மறக்காதீங்க, பவர் இருக்கும்போது மோட்டார் வயரைக் கழட்டாதீங்க, டிரைவர் அந்த நொடியே போயிடும்.

ஸ்பிண்டில் ஆன் பண்ணினாலே அலாரம் 1 வருது, சில நேரம் யூஎஸ்பி கட்டாகுது

அலாரம் 1ன்னா லிமிட் சுவிட்ச் (அச்சு ஓரத்துக்குப் போனா அமுங்குற சுவிட்ச்) அமுங்கிடுச்சுன்னு போர்டு நினைக்குது. சுவிட்ச் கிட்டயே போகாம வந்துச்சுன்னா அது மின் இரைச்சல். 775 மோட்டார்ல கார்பன் பிரஷ் பொறி தட்டிக்கிட்டே இருக்கும், அந்த இரைச்சல் பக்கத்துல போற லிமிட் வயர்ல ஏறும். லிமிட் பின்னை 5 வோல்ட்ல பிடிச்சு வைக்க போர்டுக்குள்ள இருக்குற புல்-அப் ரெசிஸ்டர் 20ல இருந்து 50 கிலோ ஓம், ரொம்ப பலவீனமானது, சின்ன இரைச்சலுக்கே விழுந்துடும்.

செலவு ரொம்பக் கம்மி. மோட்டாரோட ரெண்டு முனைக்கும் குறுக்க ஒரு 0.1 மைக்ரோ ஃபாரட் செராமிக் கெப்பாசிட்டர் சால்டர் பண்ணுங்க. லிமிட் பின்னுக்கும் கிரவுண்டுக்கும் நடுவுல அதே மாதிரி ஒண்ணு, லிமிட் பின்னுல இருந்து 5 வோல்ட்டுக்கு 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒண்ணு. ஸ்பிண்டில் வயரைத் தனியா, லிமிட் வயரைத் தனியா கொண்டு போங்க, ரெண்டையும் ஒரே டேக்ல கட்டாதீங்க. யூஎஸ்பி கேபிள் குட்டையா, ஷீல்டு உள்ளதா, ரெண்டு முனையிலயும் ஃபெரைட் உருண்டை இருக்குறதா வாங்குங்க, சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் மாதிரி எலக்ட்ரானிக்ஸ் கடை இருக்குற இடத்துல தனியா ஃபெரைட்டே கிடைக்கும்.

இதெல்லாம் பண்ணியும் போகலைன்னா எர்த்தைப் பாருங்க. பவர் சப்ளை பிளக்கை டூ-பின் அடாப்டர்ல சொருகியிருப்போம், லேப்டாப் ஓரத்துல கை பட்டா சுர்ருன்னு இருக்கும், அந்த இணைப்புல எர்த் சேரலைன்னு அதுவே சொல்லுது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் போட்டுக்கோங்க, மெஷினுக்கு மட்டுமில்ல, உங்க உயிருக்கும் அது வேணும். வேக்யூம் கிளீனர் ஓட்டும்போது மட்டும் கட்டாகுதுன்னா அந்த பிளாஸ்டிக் குழாய்ல நிலைமின்சாரம் சேருது, உள்ள ஒரு மெல்லிய செம்புக் கம்பி ஓட்டி எர்த்ல சேருங்க.

அலாரம் வந்தப்புறம் எது அனுப்பினாலும் எரர் 9 வரும், அது பூட்டியிருக்குன்னு அர்த்தம். $எக்ஸ் போட்டாத் திறக்கும்.

லிமிட் சுவிட்ச் இல்லாமயே ஓடுது, எதுக்குச் செலவு?

கரண்ட் போகும், அதுக்குத்தான். மூணு மணி நேர வேலையில ரெண்டாவது மணி நேரத்துல கரண்ட் போச்சுன்னா மெஷினுக்கு தான் எங்க நின்னோம்னு ஞாபகம் இருக்காது. ஹோமிங் சுவிட்ச் இருந்தா கரண்ட் வந்ததும் $எச் போட்டா மூலைக்குப் போய் அதே இடத்துல வந்து நிக்கும். நீங்க ஜி54ல வச்ச ஜாப் ஜீரோ, அதாவது வேலையோட ஆரம்பப் புள்ளி, போர்டோட மெமரியில அழியாம இருக்கும், அதனால ஜாப் நகராம இருந்தா விட்ட வரியில இருந்து தொடரலாம். தொடர்றதுக்கு முன்னாடி ஜி21 (அளவு எம்எம்ல), ஜி90 (இடம் ஜீரோவுல இருந்து), அப்புறம் எம்3 ஸ்பீடோட போட்டு ஸ்பிண்டிலைச் சுத்தவிட்டு, பிட்டை மேல தூக்கி வச்சுட்டுத்தான் ஆரம்பிக்கணும். சில சாஃப்ட்வேர் ஜீரோ பட்டனுக்கு ஜி92 அனுப்பும், அது கரண்ட் போனா போயிடும், உங்களோடது எதை அனுப்புதுன்னு கன்சோல்ல ஒரு தடவை பார்த்து வச்சுக்கோங்க.

சுவிட்ச் மாட்டினப்புறம் $22 ஒண்ணு, அதாவது ஹோமிங் ஆன், $23 உங்க மூலைக்கு ஏத்தது, $130ல இருந்து $132 வரைக்கும் உங்க மெஷினோட நிஜ அளவு, அப்புறம் $20 ஒண்ணு, அதாவது சாஃப்ட் லிமிட் ஆன். ஃபைல் டேபிளை விடப் பெருசா இருந்தா வெட்டிக்கிட்டே போய் முட்டாம அலாரம் 2 போட்டு நின்னுடும்.

வேலை முடிஞ்சு நிக்கும்போது ஸ்பிண்டில் தானா கீழ இறங்குது

$1ஐ 255 ஆக்குங்க. மோட்டார் எப்பவும் பிடிச்சே இருக்கும்.

500 வாட் ஸ்பிண்டில் போட்டா பட்டையைக் கிளப்பும்னு சொல்றாங்களே?

ஸ்பிண்டிலைப் பிடிச்சு மேல கீழ நகர்த்துற பிளாஸ்டிக் இசட் தாங்கியில போட்டா கிளப்பாது. அது 52 எம்எம் உருளை, நல்ல வெயிட்டு, தனி பவர் சப்ளை வேணும். கையால ஸ்பிண்டில் நுனியை லேசாத் தள்ளிப் பாருங்க, இப்பவே எவ்வளவு வளையுதுன்னு டயல் கேஜ்ல தெரியும். அலுமினிய இசட், கெட்டியான ராடு இல்லாம சக்தியை மட்டும் கூட்டினா அதிர்வு தான் கூடும். அதுக்கு முன்னாடி உங்க 775ல பிட்டைப் பிடிக்கிற ஈஆர்11 பிடிப்பானோட ரன்அவுட்டை, அதாவது சுத்தும்போது வர்ற ஆட்டத்தைப் பாருங்க, ஒரு கம்பியை மாட்டிக் கையால சுத்தினா 0.1 ஆடுதுன்னா, ரெண்டு பல்லு இருக்குற பிட்ல ஒரு பல்லு மட்டும் தான் வெட்டுது, இன்னொண்ணு சும்மா சுத்துது. நல்ல கோலெட் (பிட்டைக் கவ்வுற வளையம்) ஒண்ணு மாத்தினாலே வித்தியாசம் தெரியும்.

மரம் கருகுது, பிட் உடையுது. ஃபீட் எவ்வளவு வைக்கணும்?

ஃபீட்ங்குறது பிட் நிமிஷத்துக்கு எத்தனை எம்எம் நகருதுங்குறது. கணக்கு இது தான்: ஸ்பிண்டில் சுத்து, பல்லு எண்ணிக்கை, ஒரு பல்லு கடிக்கிற அளவு மூணையும் பெருக்குங்க. 775 சும்மா சுத்தும்போது நிமிஷத்துக்கு 10000ன்னு போட்டிருந்தாலும் மரத்துல இறங்கினா குறையும், 9000ன்னு வைங்க, ரெண்டு பல்லு, 0.04 கடி, 720 வருது. 3.175 பிட்டுக்கு தேக்குல 700, ஆழம் ஒரு தடவைக்கு 1 எம்எம், நான் இப்படித்தான் ஓட்டுறேன். பயந்து 150ல ஓட்டினா பிட் வெட்டாது, தேய்க்கும், தேய்ச்சாச் சூடு, சூடானாக் கருகும், அப்புறம் மழுங்கும், அப்புறம் உடையும். கீழ விழுறது மாவா இருந்தா மெதுவா ஓடுறீங்க, சின்னச் சின்ன செதில் மாதிரி விழுந்தாச் சரி. அக்ரிலிக்குல இன்னும் முக்கியம், ஒரு பல்லு பிட் போட்டு நகர்த்திக்கிட்டே இருக்கணும், நின்னா உருகி பிட்டுல ஒட்டிக்கும்.

அலுமினியம் வெட்டுமா?

மெல்லிசா வெட்டும். ஒரு பல்லு பிட், ஒரு தடவைக்கு 0.1 எம்எம், ஃபீட் 250. பட்டறையில அலுமினியத்துக்கு மண்ணெண்ணெய் விடுற பழக்கம் உண்டு, இதுல விடாதீங்க, மேலயே பொறி தட்டுற மோட்டார் சுத்திக்கிட்டு இருக்கு. கட்டிங் ஆயில் ஒரு சொட்டு பிரஷ்ல தொட்டு வையுங்க போதும்.

தமிழ் பெயர் ஃபைல் போட்டா மெஷின் தானா வேகம் மாறுது, பேய் புடிச்ச மாதிரி இருக்கு

இதுக்கு உண்மையான காரணம் இருக்கு, இதை நான் எங்கயும் தமிழ்ல எழுதிப் பார்த்ததில்ல. மெஷினுக்கு அனுப்புற ஜிகோடு ஃபைலுக்குள்ள கமென்ட்ல, அதாவது வெட்டுறதுக்குச் சம்பந்தமில்லாத குறிப்புல, சில சாஃப்ட்வேர் டிசைனோட பெயரை எழுதிடும், நீங்க லேயருக்கு "எழில் இல்லம்"னு தமிழ்ல பெயர் வச்சா அதுவும் அப்படியே உள்ள போகும். தமிழ் எழுத்துக் குறி ஒவ்வொண்ணும் யூனிகோடோட யுடிஎஃப்-8 முறையில மூணு பைட், எல்லாமே 127க்கு மேல. ஜிஆர்பிஎல் 1.1ல 127க்கு மேல இருக்குற பைட்டெல்லாம் உடனடிக் கட்டளைக்குன்னு ஒதுக்கினது, கமென்ட்டுக்குள்ள வந்தாலும் அது வரிக்காகக் காத்திருக்காம உடனே எடுத்துக்கும். "ச"வோட மூணாவது பைட் ஸ்பிண்டில் வேகத்தை 10 சதவீதம் கூட்டுங்குற கட்டளை, "ஒ"வோட மூணாவது பைட் ஃபீடை 10 சதவீதம் குறைங்குற கட்டளை. கமென்ட்டை நீக்கிட்டு அனுப்புற சாஃப்ட்வேர்ல இது தெரியாது, அப்படியே அனுப்புறதுல தெரியும். அதனால லேயர் பெயர், ஃபைல் பெயர், கமென்ட் எல்லாம் இங்கிலீஷ்ல வைங்க. டிசைன் வரையுற இங்க்ஸ்கேப் சாஃப்ட்வேர்ல எழுத்தை 'பாத்' ஆக, அதாவது வெறும் கோடா, மாத்திட்டு அனுப்புங்க, அப்போ ஃபான்ட் பிரச்சனையும் வராது, கொம்பு ஒரு பக்கம் எழுத்து ஒரு பக்கம்னு பிரிஞ்சும் போகாது.

ஒரு ஓரத்துல ஆழமா, ஒரு ஓரத்துல மேலோட்டமா வெட்டுது

டேபிள் மேல 12 எம்எம் எம்டிஎஃப் ஒண்ணு போட்டு, அதை அந்த மெஷினாலயே 0.3 எம்எம் சீவி எடுங்க. அதுக்கப்புறம் அது மேல தான் எல்லா ஜாப்பும். சீவின தடம் கையில படி படியாத் தட்டுப்பட்டா ஸ்பிண்டில் சாஞ்சிருக்கு, வளைச்ச கம்பி ஒண்ணை கோலெட்ல மாட்டி ஒரு சுத்து சுத்தி நாலு திசையிலயும் நுனி ஒரே மாதிரி தொடுதான்னு பார்த்து, இசட் தாங்கிக்குப் பின்னாடி மெல்லிய தகடு (ஷிம்) வச்சு நிமிர்த்துங்க. எம்டிஎஃப் சீவும்போது மாஸ்க் போடாம நிக்காதீங்க, அந்தத் தூசி நுரையீரலுக்கு ரொம்பக் கெடுதல், கர்சீஃப் கட்டினாப் போதாது, என்95 வேணும்.

போர்டை மாத்தி 32 பிட் சிப் இருக்குற போர்டு போடலாமா?

ஜிஆர்பிஎல் 2009ல நார்வேல சிமன் ஸ்வாலே ஸ்கோக்ஸ்ருட் ஆரம்பிச்சது, ஆர்டுயினோல இருக்குற 8 பிட் சிப், 32 கிலோபைட் இடம், அதுக்குள்ளயே மூணு அச்சையும் ஒழுங்கா ஓட்டுது. பெயர்ப் பலகைக்கும் அக்ரிலிக்குக்கும் அது போதும். லேப்டாப் இல்லாம வைஃபைல, மெமரி கார்டுல ஓட்டணும், நாலாவது அச்சு மாட்டணும்னா ஈஎஸ்பி32 போர்டுல ஜிஆர்பிஎல் மாதிரியே இருக்குற ஃப்ளூயிட்என்சி சாஃப்ட்வேர் போடுங்க, அப்போ யூஎஸ்பி கட்டாகுற தொல்லையும் போகும். எழுத்து கோணுதுன்னு போர்டு மாத்துறதா இருந்தா முதல்ல மார்க்கர் எடுத்துக் கோடு இழுத்துப் பாருங்க.

லேசர் ஹெட் மாட்டலாமா?

மாட்டலாம், $32ஐ ஒண்ணாக்கணும், ஃபைல்ல எம்3க்குப் பதிலா எம்4 இருக்கணும், அப்போ தான் திருப்பத்துல கருகாது. 450 நானோமீட்டருக்குன்னு போட்ட கண்ணாடி வேணும், கடையில குடுக்குற பச்சைக் கண்ணாடியை நம்பாதீங்க. பிவிசி, ஃபிளெக்ஸ், ரெக்சின் எதையும் லேசர்ல வைக்காதீங்க, குளோரின் கலந்த புகை வரும், ஆளுக்கும் கேடு, ராடும் துருப்பிடிக்கும். லேசர் ஓடும்போது ஒரு நிமிஷம் கூட ரூமை விட்டுப் போகாதீங்க, டீக்கு யாராவது கூப்பிட்டாலும் நிறுத்திட்டுப் போங்க.

ராடுக்கும் ஸ்க்ரூவுக்கும் என்ன எண்ணெய்னு நேத்து ஒருத்தர் கேட்டார்: தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம், கெட்டியாகி தூசியைப் பிடிச்சுக்கும். தையல் மெஷின் எண்ணெயை துணியில தொட்டு ராடுல மெலிசாத் தடவுங்க, வாரம் ஒரு தடவை, தடவுறதுக்கு முன்னாடி பழசை நல்லாத் தொடச்சுடுங்க.